கோத்தகிரிச் சரிவில் மூன்று வீடுகள்: ஆர்க்கிடெக்ட் தேடிய கதை

கோத்தகிரியில் எங்கள் சரிவு நிலத்தில் மூன்று வீடுகள் கட்ட ஆர்க்கிடெக்ட் தேடியபோது கற்றதைச் சொல்கிறேன். பத்திரம், பட்டா எல்லாம் உங்கள் பெயரில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி, பதிவு எண். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். எண் ‘சிஏ’ என்று தொடங்கும்; நடுவில் இருப்பது பதிவான ஆண்டு. கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்த்துவிடலாம்.

இரண்டாம் படி, யாரையும் அழைக்கும் முன் டோட்டல் ஸ்டேஷன் என்னும் நில அளவைக் கருவி வைத்து நிலத்தை அளந்து, சமவுயரக் கோடுகளோடு (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வரைபடம் வாங்கிவிடுங்கள். கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. மேஸ்திரியின் மட்டக்குழாய் அவற்றைவிட மேல். எங்கள் இடத்தில் மேல் வேலிக்கும் கீழ்ப்பாதைக்கும் 11 அடி இறக்கம். கண்ணுக்கு ஆறடிதான் தெரிந்தது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் மூன்றாம் படியில்தான் நான் சறுக்கினேன். முதலில் அமர்த்தியவர் சமவெளிக்காரர். அவர் காட்டிய முப்பரிமாணப் படங்களில் மயங்கி, சரிவையும் வீட்டையும் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் குறுக்குவெட்டு வரைபடம் கேட்கவே மறந்தேன். சரிவை வெட்டிச் சமமாக்கி, பின்னால் கருங்கல்லில் தடுப்புச் சுவர் எழுப்பினோம். கார்த்திகை மழையில் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. கல் இடுக்குகளில் செம்மண் தண்ணீர் கசிந்தது. சுவருக்குப் பின்னால் ஊறிய நீர் வெளியேற ஒரு துளைகூட விடவில்லை. மண்ணோடு அந்த நீரும் சேர்ந்து தள்ளினால் எந்தச் சுவர் தாங்கும்? இடித்தோம். பின்புறம் ஜல்லி நிரப்பி, அடியில் வடிகுழாய் பதித்து, வரிசையாகத் துளைகள் விட்டு மறுபடி கட்டினோம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளைப் பார்த்த ஊர்க்காரன் எனக்கே இது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

அதன்பின் வந்தவர்களிடம் கேட்டது ஒரே கேள்வி: “மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் எங்கே போகும்?” இருவர் கூரைத் தகரத்தைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாமவர், ஓர் அம்மையார், “மழை நாளில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார்” என்றார். சொன்னபடியே குடையோடு வந்து, நீர் ஓடிய தடத்தில் குச்சிகள் நட்டுவிட்டுப் போனார். அவரையே அமர்த்தினேன்.

ஒப்பந்தத்தில் கட்டணத்தோடு, எத்தனை முறை இடத்துக்கு வருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். மலைப்பகுதி விதிகளின்படி அனுமதிக்கு விண்ணப்பிப்பது யார் வேலை என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: கூடலூர் நண்பர் ஒருவர் ஆர்க்கிடெக்டை மழை நாளில் வரவழைக்கக் கார்த்திகை வரை காத்திருந்து ஏமாந்தாராம். அங்கே பெருமழை தென்மேற்குப் பருவத்தில். ஆடியிலேயே வரச் சொல்லுங்கள்.