கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டரைப் பறிகொடுப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, புளியரை, மலையைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்கு எந்த மாதம் வேலை கூடும் என்று காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்றில் இங்கே தென்னை மட்டை கம்பியில் விழும், அங்கே ரப்பர் மரக் கிளை விழும். ஐப்பசியில் சாயங்காலமானால் இடியும் மின்னலும். மறுநாள் காலையில் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள், தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் செய்தவைதான். அவ்வப்போது சேவ் செய்யுங்கள் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரண்ட் வந்ததும் ஓடிப்போய் ஆன் செய்வது

கரண்ட் போகும்போது கெடுவதைவிட, திரும்பி வரும்போது கெடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். லைன் கொடுத்தவுடன் தெருவிலுள்ள ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். வோல்டேஜ் இறங்கும், ஏறும், மறுபடியும் போகும். பத்து நிமிடம் பொறுத்திருந்து ஆன் செய்யுங்கள். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் புரோகிராம்) ஒரு செட்டிங் உண்டு. அது ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இதைவிட மோசம், நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்துபோவது. 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரை ஏறிவிடலாம். ஒரு வீட்டில் பல்பு பளீரென்று எரியும், ஃபேன் பேய் வேகத்தில் சுற்றும். அதே நேரம் இன்னொரு வீட்டில் பல்பு மங்கும். அப்படிக் கண்டால் யோசிக்கவே வேண்டாம், மெயினை அணையுங்கள்.

இப்படி அடிபட்டு வந்த எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது சிபியூவுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியை, திறந்தால் கண்ணாடி ஃபியூஸ் உள்ளே கறுத்திருக்கும். பக்கத்தில், ஏறிவரும் வோல்டேஜைத் தான் வாங்கிக்கொள்ளும் வட்டமான வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்து, அதன் கரி பச்சை போர்டில் விசிறியடித்திருக்கும். அதோடு நின்றிருந்தால் நல்ல காலம். மதர்போர்டைக் காப்பாற்றிவிட்டுத்தான் அது போயிருக்கிறது. விலை குறைவான சில எஸ்எம்பிஎஸ்களில் அந்த வேரிஸ்டரை வைக்கவே மாட்டார்கள். இடம் மட்டும் போர்டில் காலியாகக் கிடக்கும். பத்துப் பைசா மிச்சம் பிடிக்கப் போய் அடுத்தவர் வீட்டு மதர்போர்டைக் காவு கொடுக்கிறார்கள்.

"வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்று இருந்துவிடுவது

இதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்ததே. எத்தனை பேரிடம் சொல்லியும் தீரவில்லை.

புளியரைப் பக்கம் ஒரு அண்ணாச்சி. பாவூர்சத்திரத்தில் காய்கறி எடுத்துக் கேரளாவுக்கு லாரி அனுப்புகிறவர். புனலூர், கொல்லம் கடைக்காரர்களின் பற்று வரவு எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில். பெரிய பேட்டரியோடு நல்ல இன்வெர்ட்டர் போட்டிருந்தார். சில மாதமாகக் கம்ப்யூட்டர் சாயங்காலத்தில் தானாக அணைந்து தானாகவே ஆன் ஆகியிருக்கிறது. வைரஸ் என்று யாரோ சொல்ல, வைரஸுக்கு மருந்து பார்த்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. என்னிடம் வந்தது அந்த நிலையில்தான்.

"இன்வெர்ட்டர்தான் இருக்குல்லா தம்பி, பெறவு எப்படி போச்சு?" என்றார்.

அவர் வீட்டுக்குப் போய் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பார்த்தேன். யூபிஎஸ் என்றும் நார்மல் என்றும் சின்னதாக ஒரு சுவிட்ச். அது நார்மலில் இருந்தது.

அந்தச் சுவிட்சின் கதை இதுதான். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், கரண்ட் நின்ற பிறகும் தன் கெபாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தை வைத்து ஒரு கணம் தாக்குப்பிடிக்கும். முழு லோடில் அது ஏறக்குறைய 16 மில்லி செகண்ட். பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னும் குறைவு. யூபிஎஸ் மோடில் உள்ள இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற 10, 15 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் பெரும்பாலும் தப்பிவிடும். நார்மல் மோடில் 40 வரைகூடப் போகும். ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் அது கண் சிமிட்டும் நேரம். கம்ப்யூட்டருக்கு அது முழுப் பவர் கட். அண்ணாச்சி வீட்டில் லைட் நின்றதே தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டு, சுழலும் தட்டின் மிச்ச வேகத்தை வைத்துத் தட்டைப் படித்து எழுதும் தன் ஹெட்டை அவசரமாக ஒதுக்க வேண்டியிருக்கும். இப்படி அடிக்கடி நடந்தால் எந்த டிஸ்க் தாங்கும்?

அதோடு முடியவில்லை. பல மாடல்களில் யூபிஎஸ் மோடில் 180 முதல் 260 வோல்ட் வரை வரும் லைனைத்தான் உள்ளே விடும். நார்மலில் 100 முதல் 290 வரை எது வந்தாலும் அப்படியே வீட்டுக்குள் அனுப்பிவிடும். கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் வெறும் வாசல்தான். லைனில் வருவதை அது சீராக்கித் தருவதில்லை. இதை விற்பவர்களும் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை.

சரி, யார் அந்தச் சுவிட்சை மாற்றியது? வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன். சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தால் யூபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குப் போகும், பேட்டரி இறங்கும். "பேட்டரி நிற்கவில்லை" என்று வீட்டில் சொன்னதும் நார்மலுக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். ஃபேனுக்கு அது சரியான வைத்தியம்தான். இந்த லைனில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றுவரை எனக்கு ஆறாத எரிச்சல் அதுதான். கணக்கில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கவில்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அண்ணாச்சி கடை கடையாகப் போய், அவர்கள் சொன்னதை நம்பி எழுதிக்கொண்டு வந்தார்.

எனவே இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வேண்டும். சாதாரண வீட்டு உபயோகத்துக்கு 600 விஏ (யூபிஎஸ்ஸின் திறனைச் சொல்லும் அளவு) போதும். பெரும்பாலும் 360 வாட் தாங்கும். கேமுக்காகப் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் போதாது, கூட்டிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் லைனிலேயே யூபிஎஸ்ஸை மாட்டுவதாக இருந்தால் அது லைன் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் என்றால் யூபிஎஸ் பல நேரம் அதைக் கரண்ட் என்றே ஏற்காமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டு தன் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

யூபிஎஸ் வாங்கியதோடு மறந்துவிடுவது

உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் பேட்டரி உயிரோடு இருப்பதாக அர்த்தமில்லை. மாதத்துக்கு ஒருமுறை, எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போதே சுவரில் யூபிஎஸ் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். யூபிஎஸ் தரும் பத்து நிமிட பேக்கப் முறையாக ஷட் டவுன் செய்யத்தான், மிச்ச வேலையை முடிப்பதற்கு அல்ல.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டுவது

வேண்டாம். ஹீட்டர் இழுக்கும் இழுப்பில் யூபிஎஸ் ட்ரிப் ஆகும்.

இடி இடிக்கும்போது சுவிட்சை மட்டும் அணைப்பது

சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டே இருக்கும். பிளக்கை உருவுங்கள். மோடத்திலிருந்து வரும் நெட்வொர்க் வயரையும் உருவுங்கள். ஃபைபர் இழையில் மின்சாரம் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் கரண்டில்தானே மாட்டியிருக்கிறது! மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு உருவப் போகாதீர்கள். வானம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை அது.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் மாட்டியே வைப்பது

வோல்டேஜ் ஏறி அடித்தால் கம்ப்யூட்டர் டிஸ்க், பேக்கப் டிஸ்க் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் சரி என்பது

கரண்ட் போய் வந்த பிறகு விண்டோஸ் திறக்காமல் ரிப்பேர் என்று சுற்றிக்கொண்டிருக்கும். அல்லது டிஸ்க்கைப் பார்த்து ஃபார்மட் செய்யச் சொல்லும். பல நேரங்களில் ஃபைல்கள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், அவற்றின் அட்டவணைதான் குழம்பியிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டியோ, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தோ முதலில் நகல் எடுக்க வேண்டும்; ரிப்பேர் எல்லாம் அப்புறம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் குவிக் ஃபார்மட் ஆன பிறகும் நிறைய மீட்கலாம். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழிந்த ஃபைல்களின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் ட்ரிம் கட்டளை போனதும் அது தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் டக் டக் சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் மீட்க வேண்டியது குறையும்.

புது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிஸ்க்கைத் தானாகவே என்கிரிப்ட் செய்துவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. மதர்போர்டு போய், டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் நான் மட்டுமல்ல, யாரும் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் ஃபைலில் போட்டு வையுங்கள்.