எம்.பி.பி.எஸ். பாடத்தை மறக்காமல் திருப்பிப் படிப்பது எப்படி?

முதலாண்டு மாணவர்கள் பலர் அனாட்டமி பாடத்தை மூன்று முறை வரிவிடாமல் படித்து, பக்கம் முழுவதும் மஞ்சள் மை தீட்டிய பிறகும், வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஓர் எளிய கேள்வியைக் கேட்டதும் வாயடைத்துப் போகிறார்கள். உழைப்பு குறைந்ததால் இப்படி நேர்வதில்லை. புத்தகத்தைத் திறந்துவைத்துப் படிக்கப் படிக்க வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தையே பாடம் தெரிந்துவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஓர் உரைப்பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஆகவே, திருப்பிப் படிப்பது என்பது புத்தகத்தை மூடிய பிறகே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை எடுத்துக்கொள்வோம். பாடத்தை ஒருமுறை புரிந்து படித்துவிட்டு, வெள்ளைத் தாளில் சி5 முதல் டி1 வரையிலான ஐந்து ரூட்களை (தண்டுவட நரம்பு வேர்களை) இடப்பக்கம் எழுதுங்கள். சி5-உம் சி6-உம் சேர்ந்து மேல் டிரங்க், சி7 தனியாக நடு டிரங்க், சி8-உம் டி1-உம் சேர்ந்து கீழ் டிரங்க். ஒவ்வொரு டிரங்கும் முன், பின் என இரண்டாகப் பிரிவதால் ஆறு டிவிஷன்கள். பின் டிவிஷன்கள் மூன்றும் கூடி போஸ்டீரியர் கார்டு ஆகின்றன. வரைந்துகொண்டே போகையில் எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குப் பாடம் தெரியவில்லை. அந்த இடத்தில் உடனே புத்தகத்தைப் புரட்டாமல் ஒரு நிமிடமாவது யோசித்து, பிறகு சரிபார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். அடுத்து, படத்தில் மேல் டிரங்கின் மேல் விரலை வைத்து, "இது அறுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவத்தின்போது குழந்தையின் கழுத்து இழுபட்டு வரும் எர்ப் பால்ஸி என்ற கைவாதத்தில் கை ஏன் உடலோடு ஒட்டி, உட்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு தொங்குகிறது என்பதைப் படத்தைக்கொண்டே விளக்க முடிந்தால், அந்தப் பாடம் எளிதில் போகாது.

அதே தாளை மறுநாளும், பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாவது வாரம் என இடைவெளி கூட்டியும் புதிதாக வரையுங்கள். இந்த நாள் கணக்கு கல்வெட்டல்ல. மறக்கத் தொடங்கும் நேரத்தில் நினைவுபடுத்திக்கொள்வதே நோக்கம். மருந்துகள், என்ஸைம்கள் போன்ற உதிரிச் செய்திகளுக்கு இந்தக் கணக்கை 'ஆங்கி' என்ற கேள்வி-பதில் அட்டைச் செயலி தானே பார்த்துக்கொள்ளும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம். ஓர் அட்டையில் ஒரே கேள்வி இருக்க வேண்டும். காசநோய் மருந்தான ஐசோனியசிடை எடுத்துக்கொண்டால், "ஐசோனியசிட் பற்றி எழுது" என்ற அட்டை பயன்படாது, "ஐசோனியசிடுடன் பைரிடாக்ஸின் (வைட்டமின் பி6) ஏன் தருகிறோம்?" என்பதே நல்ல அட்டை. சீனியர்கள் தரும் ஆயிரக்கணக்கான ஆயத்த அட்டைகளை அப்படியே இறக்கிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு நாள் தவறினால் அவை மலைபோல் குவியும். அந்த மலைப்பிலேயே செயலியைக் கைவிட்டவர்கள் அதிகம். வண்ண வண்ணமாக நோட்ஸ் எழுதுவதும் என் பார்வையில் பெரும்பாலும் நேர விரயம்தான்.

பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்களைத் தேர்வுக்கு முந்தைய மாதம் வரை பூட்டி வைக்காமல், பாடம் முடிந்த வாரமே எடுத்து, கடிகாரம் வைத்து ஒரு கட்டுரை வினாவையாவது எழுதிப் பழகுங்கள். முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிப்பவர்கள் கொள்குறி வினாக்களைப் போடும்போது, தவறான விடைகள் ஏன் தவறு என்பதையும் ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். அத்தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 போகும் என்பதால், அரைகுறையாகத் தெரிந்த பாடம் தெரியாத பாடத்தைவிட ஆபத்தானது.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு வார்டுதான் மிகச் சிறந்த புத்தகம். காலையில் வயிறு வீங்கிய நோயாளி ஒருவரைப் பரிசோதித்திருந்தால், அன்று இரவே அசைட்டிஸ் (வயிற்றில் நீர் கோத்தல்) பாடத்தைப் படியுங்கள். மறுநாள் அதே கட்டிலருகே நின்று, நண்பரிடம் குறிப்பைப் பாராமல் கேஸை எடுத்துச் சொல்லுங்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவு புதுப் பாடம் எதையும் தொடாமல், சிவப்பு மை படிந்த தாள்களை மட்டும் ஒருமுறை புரட்டிவிட்டு, நேரத்தோடு தூங்கிவிடுங்கள்.