ஆகனில் அரியர் கிடையாது: ஆர்டபிள்யூடிஹெச்சுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டதா? வாழ்த்துகள். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், ஷ்பெர்கோன்டோ என்ற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோ, விசா நேர்காணல் எல்லாம் தாண்டித்தான் வருவீர்கள். வந்தபின் உள்ள வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஆன்மெல்டுங், அதாவது நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்யுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதியவே முடியாது. கல்விக்கட்டணம் பெரும்பாலான படிப்புகளுக்கு இல்லை. செமஸ்டர் தொகை மட்டும் கட்டினால் போதும், அதிலேயே நாடு முழுக்க உள்ளூர் பேருந்துக்கும் வட்டார ரயிலுக்கும் பயணச்சீட்டு வந்துவிடும். அறைக்கு, மாணவர் விடுதிகளை நடத்தும் ஷ்டுடீரெண்டன்வெர்க்கில் இன்றே விண்ணப்பியுங்கள். அறையைப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.

இதையெல்லாம் பத்துப் பேர் சொல்வார்கள். தேர்வைப் பற்றித்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை.

நம் ஊரில் ஒரு பேப்பர் போனால் என்ன செய்வோம்? நவம்பரில் விட்டதை ஏப்ரலில் எழுதுவோம், அதிலும் போனால் அடுத்த நவம்பர். நாலைந்து அரியரோடு இறுதியாண்டுக்கு வந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கிளியர் பண்ணிய அண்ணன்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அந்த நினைப்போடு ஜெர்மனிக்கு வராதீர்கள். இங்கே ஒரு தேர்வுக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே முடிந்தது, பல்கலைக்கழகம் பெயரை நீக்கிவிடும். வேறு ஊருக்குப் போய் அதே படிப்பில் சேரலாம் என்றால், ஜெர்மனியில் எந்தப் பல்கலைக்கழகமும் பொதுவாகச் சேர்க்காது. மாணவர் விசா படிப்பை நம்பியே இருப்பதால் அதுவும் ஆட்டம் காணும்.

என் நண்பன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. ஆகனில் இல்லை, வேறு ஊரில். நல்ல படிப்பாளி. வந்த புதிதில் வாட்ஸாப் குழுவில் ஒரு சீனியர், "எல்லாப் பேப்பருக்கும் ரிஜிஸ்டர் பண்ணி வை, தயாரா இல்லேன்னா போகாதே, ஒண்ணும் ஆகாது" என்றிருக்கிறார். அதை நம்பி ஒரு தேர்வுக்குப் போகாமல் இருந்துவிட்டான். 5.0 விழுந்தது. இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. பதிவு செய்துவிட்டுப் போகாவிட்டால் எழுதித் தோற்றதாகவே கணக்கு. இரண்டாவது முறை கடுமையான காய்ச்சல். ஊரில் செய்வதுபோல உடம்பு தேறியபின் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தான். தாமதம் என்று தள்ளிவிட்டார்கள். மூன்றாவது முறை அந்த பயத்தோடு உட்கார்ந்தவன் எப்படி எழுதியிருப்பான்?

அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறான். "அரியர்தானடா, அடுத்த தடவை எழுதிடலாம், சாப்பிட்டியா?" என்றாராம். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க அவனால் முடியவில்லை. விஷயம் தெரியாமல் அறிவுரை சொன்ன அந்த சீனியர் மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. நிச்சயமாகத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி அடுத்தவன் வாழ்க்கையில் விளையாடக்கூடாது.

ஆகவே, உங்கள் படிப்பின் ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங், அதாவது தேர்வு விதிகளை முதல் மாதமே படித்துவிடுங்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் மொழிபெயர்த்தாவது படியுங்கள். ஆர்டபிள்யூடிஹெச் ஆன்லைன் என்ற இணையதளத்தில் தேர்வுப் பதிவை ரத்து செய்யும் கடைசி நாளை நாட்காட்டியில் குறியுங்கள். அந்த நாளில் தயாராக இல்லை என்று தோன்றினால் விலகிவிடுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. உடம்பு முடியாவிட்டால் தேர்வு நாளன்றே மருத்துவரைப் பாருங்கள், சான்றிதழை உடனே கொடுங்கள். முதல் செமஸ்டரில் ஏழெட்டுப் பாடம் எடுத்துத் திறமையைக் காட்ட வேண்டாம். பாஸான தேர்வை மதிப்பெண்ணுக்காக மறுபடி எழுதவும் பொதுவாக விடமாட்டார்கள்.

தோற்றுவிட்டால் ஐன்ஸிக்ட்டுக்கு, அதாவது விடைத்தாளைப் பார்வையிடும் நாளுக்கு, கட்டாயம் போங்கள். திருத்திய விடைத்தாளை உங்கள் கையிலேயே கொடுப்பார்கள். தவறாகத் திருத்தியிருந்தால் அங்கேயே சொல்லலாம். நம் பிள்ளைகள் தயங்கிக்கொண்டு போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஊரில் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர்கள், இங்கே இலவசமாகக் கிடைப்பதை விடலாமா?

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். 1870-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நாற்பதாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். சுற்றுச்சுவர் கிடையாது, கட்டடங்கள் ஊரெங்கும் கிடக்கும், கொஞ்ச தூரம் போனால் நெதர்லாந்து, பெல்ஜியம். விண்வெளி எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு கோடு சொல்வார்களே, கார்மான் கோடு, அந்தத் தியோடர் வான் கார்மான் 1913 முதல் இங்கே பேராசிரியராக இருந்தவர். அவர் பெயரிலுள்ள பெரிய அரங்கில் நம் ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் கேட்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிரும்.

இன்னொன்று. ஒவ்வொரு துறைக்கும் ஃபாக்ஷாஃப்ட் என்ற மாணவர் குழு உண்டு. பழைய வினாத்தாள்களை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். புதியவர்களுக்கான அறிமுக வாரத்தை நடத்துவதும் அவர்கள்தான். விமானச்சீட்டு எடுக்கும்போது அந்த வாரம் தொடங்குமுன் இங்கே இருக்கும்படி எடுங்கள்.