பழைய வாட்சுக்கு டயல் தேடுகிறீர்களா? முதுகைப் பாருங்கள்

அத்தை குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தபோது தாத்தாவுக்கு ஒரு சீக்கோ 5 வாட்ச் வாங்கி வந்தார். தாத்தா அதைக் கட்டிக்கொண்டே ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) போனார், கட்டிக்கொண்டே முகமும் கழுவினார். இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கத்து மழையும் பனியும் தெரிந்ததுதானே. கண்ணாடிக்குள் ஈரம் படிந்து படிந்து, டயலில் கறுப்புப் புள்ளி விழுந்து, கடைசியில் 7 மணிக் கோட்டிலிருந்து 9 வரை பூச்சே உப்பிவிட்டது. மிஷின் மட்டும் இன்றைக்கும் ஓடுகிறது.

டயலை மட்டும் மாற்றினால் போதும் என்று இறங்கி, முதல் தடவை காசைக் கோட்டை விட்டேன். நீங்கள் விடவேண்டாம் என்றுதான் இது.

1. பின்மூடியைப் படியுங்கள்

சீக்கோ என்றால் பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு சிறு கோடு, அப்புறம் இன்னும் நான்கு என்று ஓர் எண் இருக்கும். முதல் நான்கும் மிஷினின் எண், எங்களுடையது 7009. கோட்டுக்குப் பின்னால் வருவது கூட்டின், அதாவது மிஷினை மூடியிருக்கும் உறையின் எண். தனியாக ஒரு தொடர் எண்ணும் உண்டு. அதன் முதல் இலக்கம் செய்த வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 6 என்றால் 1976ஆ, 1986ஆ என்பதை மிஷினை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும்.

சுவிஸ் வாட்சுகளில் மிஷின் எண் பெரும்பாலும் உள்ளேதான், ஆடும் சக்கரத்தின் அடியில் பொறித்திருக்கும். அதற்கு மூடியைத் திறக்கவேண்டும். கத்தி வைத்து நெம்பாதீர்கள், டவுனில் வாட்ச் திருத்துபவரிடம் கொடுங்கள்.

2. டயலின் அடி ஓரம்

சீக்கோ டயலில் 6 மணிக்குக் கீழே, ஓரத்தோடு ஒட்டி, எறும்பு வரிசை போல ஒரு எழுத்து வரிசை இருக்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அங்கேயும் மிஷின் எண் தெரியும். அதற்குப் பிறகு வருவது டயலின் எண். அது கூட்டின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இது தெரியாமல் இரண்டும் ஒன்றாக உள்ள டயலைத் தேடி நான் மாதக்கணக்கில் அலைந்தேன்.

3. கால்கள்

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டயலின் முதுகில் குண்டூசி கனத்தில் இரண்டு சின்னக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மிஷினில் அவற்றுக்கென்று துளைகள் உண்டு. கால் துளையில் இறங்கினால்தான் டயல் உட்காரும். விட்டமும் மிஷின் எண்ணும் சரியாக இருந்து, கால் இடம் மாறினால் வேலைக்காகாது.

நான் வாங்கியதும் 7009 டயல்தான், அளவும் அதேதான். ஆனால் அது குமிழ் (நேரம் திருப்பும் திருகு) 4 மணிப் பக்கம் இருக்கும் வாட்சின் டயல். தாத்தாவின் வாட்சில் குமிழ் 3 மணியில். திருத்துபவர் கால்களைத் துளையில் இறக்கி என் பக்கம் திருப்பிக் காட்டினார்: உச்சியில் 12 வரவேண்டிய இடத்தில் 1 மணிக் கோடு நின்றது. தேதி ஜன்னலுக்குள் பாதி எண், அதுவும் சாய்ந்து. அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

ஆகவே பழைய டயலைக் கழற்றியதும் ஒரு வெள்ளைத் தாளைத் துணியின்மேல் விரித்து, டயலை முகம் மேலே இருக்கும்படி வைத்து மெல்ல அழுத்துங்கள். கால்கள் தாளில் இரண்டு ஓட்டை போடும். அப்படியே ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து, 12, 3 இரண்டையும் குறித்து, குமிழ் இருக்கும் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போடுங்கள். இனி இந்தத் தாள்தான் உங்கள் அளவுகோல்.

விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் டயலிலேயே எடுங்கள். கண்ணாடி வழியே அளந்தால் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் டயலின் ஓரம் கூட்டின் விளிம்புக்குள் மறைந்திருக்கும்.

4. விற்பவரிடம் கேட்பது

டயலின் முதுகுப் படம், பக்கத்தில் அடிமட்டம் வைத்து. இதைத் தராதவரிடம் வாங்கவேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். படம் வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள்: முதுகில் இடமும் வலமும் மாறித் தெரியும். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிடுங்கள்.

கால் ஒடிந்த டயலைப் பசையால் ஒட்டலாம் என்பார்கள். ஒட்டலாம்தான், அடுத்த சர்வீசுக்குத் திறப்பவர் உங்களைத் திட்டுவார். சில புதிய டயல்களில் நான்கு கால்கள் இருக்கும். 3 மணிக் குமிழுக்கு இரண்டு, 4 மணிக்கு இரண்டு. வேண்டாத இரண்டை வெட்டிவிடலாம்.

ஜன்னலையும் பாருங்கள். கிழமையும் தேதியும் காட்டும் மிஷினுக்குத் தேதி ஜன்னல் மட்டும் உள்ள டயலைப் போட்டால் கிழமை மறைந்துபோகும். கோடுகள் உயரமாக ஒட்டப்பட்ட டயல் என்றால் முள் உரசுமா என்றும் கேளுங்கள். பளபளவென்று புதுசு போல மின்னும் ‘ஒரிஜினல்’ பெரும்பாலும் மறுபடி பெயின்ட் அடித்தது. எழுத்துகளின் இடைவெளியைப் பார்த்தாலே பிடிபடும்.

ஓர் எச்சரிக்கை. 1970களுக்கு முந்திய, இருட்டில் ஒளிரப் பூசிய டயல்களில் ரேடியம் இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோனாலும் கதிர்வீச்சு நிற்காது. சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள்.

5. மாட்டும்போது

முள் கழற்றி மாட்டுவதைத் திருத்துபவரிடமே விடுங்கள். கூடவே பின்மூடி, குமிழ் இரண்டின் ரப்பர் வளையங்களையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே புது டயலிலும் புள்ளி விழும். வேலை முடிந்ததும் தேதியை வேகமாக மாற்றிப் பார்க்க ஆசை வரும். முள் இரவு 9க்கும் அதிகாலை 4க்கும் நடுவில் நிற்கும்போது அதைச் செய்யாதீர்கள், உள்ளே சக்கரத்தின் பல் உடையலாம்.

அத்தைக்கு ஒரே ஒரு கவலை இருந்தது: புது டயல் போட்டால் அரபியில் கிழமை காட்டுவது போய்விடுமோ என்று. போகாது. கிழமைத் தட்டு மிஷினோடு சேர்ந்தது, டயலோடு அல்ல.