சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் அளப்பது: ஈரம்தான் எதிரி

பட்டர்வொர்த்தில் எடுத்த சிறுநீர், பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வருவதற்குள் மோட்டார் பெட்டியிலேயே சூடேறிவிடும். அந்தச் சூட்டில் பெருகும் பாக்டீரியா ஹார்மோனோடு உடல் ஒட்டிவைத்திருக்கும் சர்க்கரை அமிலத் துண்டை (குளுக்குரோனைடு) அறுத்து, ஹார்மோனையே வேறொன்றாகவும் மாற்றும். ஆகவே ஐஸ் பெட்டி கட்டாயம். அன்றே செய்யாவிட்டால் மைனஸ் 20 டிகிரி.

2 மில்லி சிறுநீரில் முதல் வேலையாக, ஒப்பிட்டுப் பார்க்க மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் 1 மைக்ரோகிராம் சேருங்கள். வழியில் எது சிந்தினாலும் இதுவும் அதே விகிதத்தில் குறையும். கடைசியில் சேர்த்தால் பயனில்லை. பிறகு பிஎச் 7 பாஸ்பேட் பஃபர் 1 மில்லி, அந்தச் சர்க்கரைத் துண்டை முறையாக அறுக்க ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி பீட்டா-குளுக்குரோனிடேஸ் 50 மைக்ரோலிட்டர். 50 டிகிரியில் ஒரு மணி நேரம். நத்தை நொதி, ஹார்மோனோடு ஒட்டிய சல்பேட்டையும் அறுக்குமே என்று ஆசைப்படாதீர்கள், அது சில ஸ்டீராய்டுகளை உருமாற்றிவிடும்.

கார்பனேட் பஃபரால் பிஎச் 9-10க்குக் கொண்டுவந்து, டெர்ட்-பியூட்டைல் மெத்தில் ஈதர் 5 மில்லி ஊற்றி 5 நிமிடம் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். மேலே நிற்பது ஈதர். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சப் பார்த்தால் தண்ணீரும் கூடவே வரும், கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

நைட்ரஜன் ஊதி உலர்த்திய குழாயை அப்படியே மேசையில் வைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் பினாங்குக் காற்றின் ஈரம் நொடியில் படியும். பாஸ்பரஸ் பென்டாக்சைடு போட்ட டெசிக்கேட்டரில் அரை மணி நேரம் இருக்கட்டும். ஈரம் இருந்தால், அடுத்து ஊற்றும் எம்எஸ்டிஎஃப்ஏ (ஸ்டீராய்டை எளிதில் ஆவியாகும்படி மாற்றும் வினைப்பொருள்), ஸ்டீராய்டைத் தொடுமுன் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும்.

அந்தக் கலவை: எம்எஸ்டிஎஃப்ஏ 1 மில்லிக்கு அம்மோனியம் அயோடைடு 2 மில்லிகிராம், எத்தேன்தயால் 3 மைக்ரோலிட்டர். இதில் 100 மைக்ரோலிட்டர், 60 டிகிரியில் 20 நிமிடம். புகைக்கூண்டுக்குள்தான் திறக்க வேண்டும். சமையல் கேஸில் மணத்துக்குச் சேர்ப்பதும் இந்த எத்தேன்தயால்தான், மாடி முழுக்க ஆள் ஓடிவரும். கலவை பழுப்பானால் கொட்டிவிடுங்கள்.

ஜிசி-எம்எஸ்ஸில் (ஆவியாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) 17 மீட்டர் நீளம், 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள டைமெத்தில்பாலிசிலாக்சேன் பூசிய பிரிப்புக் குழாய். 180 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்கு 3 டிகிரியாக 230 வரை, பிறகு 40ஆக 310 வரை. எபிடெஸ்டோஸ்டிரோன் (டெஸ்டோஸ்டிரோனின் இரட்டை போன்ற ஸ்டீராய்டு), டெஸ்டோஸ்டிரோன் இரண்டுக்கும் இந்த வினைக்குப் பின் நிறை 432தான். நேரத்தால் மட்டுமே பிரியும், எபி முதலில் வரும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் இரண்டு பீக்கும் ஒட்டிக்கொள்ளும். 446ல் மெத்தில்டெஸ்டோஸ்டிரோன். 360ல் ஏதாவது தலைகாட்டினால் வினை பாதியில் நின்றிருக்கிறது, பெரும்பாலும் அந்த ஈரத்தால்.

செறிவை ஒப்படர்த்தி 1.020க்குத் திருத்துங்கள்: 1.010 உள்ள சிறுநீருக்கு இரண்டு மடங்கு. டெஸ்டோ-எபி விகிதத்துக்குத் திருத்தம் வேண்டாம். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் இரண்டும் சேர்ந்தே நீர்த்துப்போகும். ஊக்கமருந்துச் சோதனையில் 2005 முதல் அந்த விகிதம் 4ஐத் தாண்டினால் கவனிக்கிறார்கள். மது அருந்தியிருந்தாலும் அது ஏறும் என்பதால், மதுவின் தடயமான எத்தில் குளுக்குரோனைடையும் பார்த்துவிடுங்கள்.