மிதந்த சீவல் சொன்ன பதில்

1982 யமஹா ஒய்இசட்125 மோட்டோகிராஸ் பைக்கின் பின் மட்கார்டு போல்ட் துளையருகே விரிசல். அதே மாடல் மட்கார்டு தேடினேன், கிடைத்ததும் உடைசல்தான். ஃபெவிக்விக் ஒரே ஓட்டத்தில் விட்டது. எபாக்சி பசை காய்ந்து தகடாக உரிந்தது. ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வைத்தேன், நகத்தால் பெயர்ந்தது. நான்கு நாள் போச்சு.

பிறகு ஓரத்தில் ஒரு சீவல் செதுக்கித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது! ஏபிஎஸ் என்றால் மூழ்கியிருக்கும். இது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது, தன் இனத்தோடு மட்டுமே உருகிச் சேரும்.

வாங்கிய உடைசலிலிருந்தே பட்டைகள் வெட்டினேன். விரிசல் நுனியில் 3 மி.மீ. துளை, இருபுறமும் 'வி' பள்ளம். வெயிலில் வெளுத்த மேல்தோலை, பளபளப்பான பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டினேன். அதை விட்டால் ஒட்டாது. சால்டரிங் அயர்னால் உட்புறம் முதலில் உருக்கி நிரப்பினேன். கையால் வளைத்தும் விடவில்லை. நிம்மதி.