மூட்டுவலியுள்ள முதிய பூனையும் அதனோடு ஒத்துப்போகாத இளம் பூனையும்: வீட்டில் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுப் பெட்டைப் பூனைக்கு 13 வயதானபோது அது சன்னல் திண்டில் ஏறுவதை நிறுத்திவிட்டது. திண்டுக்குக் கீழே வந்து நிற்கும். பின்னங்கால்களை மடித்துப் பதுங்கும். தலையை இரண்டு முறை உயர்த்தி உயரத்தை அளக்கும். பிறகு, ஏறுவதற்காக வரவே இல்லை என்பதுபோல அங்கேயே உட்கார்ந்து முன்னங்காலை நக்கத் தொடங்கிவிடும். வயதாகிவிட்டது, சோம்பல் என்று ஏறக்குறைய ஓராண்டு எண்ணிக்கொண்டிருந்தோம். அதே காலத்தில் வீட்டுக்கு வந்த இரண்டு வயதுக் கடுவனைப் பார்த்தாலே அது சீறியதைப் பொறாமை என்று சொல்லி முடித்துக்கொண்டோம். இரண்டுமே தவறு. ஏறாமல் போனதற்குக் காரணம் மூட்டுத் தேய்மானம் தந்த வலி. சீற்றத்திலும் பாதிக்கு அதுவே காரணம். மீதிப் பாதியைத் தீர்க்க முடியாமல் கடைசியில் இளம் பூனையை வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுத்தோம். இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் வலிக்கு மருத்துவம் பார்க்க வேண்டும், பிறகு இரண்டையும் பழக்கிப் பார்க்க வேண்டும், அதுவும் பலிக்காவிட்டால்தான் இடம் மாற்ற வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், மாத்திரையில் தீர்ந்திருக்கக்கூடிய சண்டைக்காக ஒரு பூனையை வீட்டைவிட்டு அனுப்பியவர்களாகிவிடுவோம்.

வலியைக் கண்டறிதல்

மூட்டுத் தேய்மானம் பூனைகளுக்கு அரிதாக வரும் நோயன்று. 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளில் தேய்மானத்தின் அடையாளங்கள் இருந்தன. ஆனாலும் வளர்ப்பவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஏனென்றால் பூனை பெரும்பாலும் நொண்டுவதில்லை. இடுப்பு, முழங்கால், முன்னங்காலின் முழங்கை ஆகியவை இரு பக்கமும் ஒருசேரத் தேய்வதால், எந்தக் காலைக் காப்பாற்றிக்கொண்டு எந்தக் காலை ஊன்றுவது என்ற வேறுபாடே இல்லாமல் போகிறது. பூனை நொண்டுவதற்குப் பதிலாக, வலி தரும் வேலையையே கைவிட்டுவிடுகிறது.

ஆகவே நடையைப் பார்ப்பதைவிட ஆறு செயல்களைப் பார்ப்பது பயன் தரும்: ஓடுவது, மேலே தாவுவது, கீழே குதிப்பது, படியேறுவது, படியிறங்குவது, அசையும் பொருளைத் துரத்துவது. ஒவ்வொன்றையும் வீட்டிலேயே கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் பூனை உறைந்துபோய்ப் படுத்துவிடும் என்பதால், மருத்துவருக்கு அந்த அரை நிமிடக் காணொளி பல கேள்விகளுக்கு விடை சொல்லிவிடும். கீழ்முதுகில் ரோமம் திரிதிரியாகச் சிக்குப் பிடிப்பது (முதுகை வளைத்து நக்க முடியவில்லை என்று பொருள்), நகம் வளர்ந்து டைல்ஸ் தரையில் நடக்கும்போது டக்டக்கென்று ஒலிப்பது, மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிப்பது, இடுப்பைத் தொட்டுத் தூக்கினால் கடிக்க வருவது ஆகியவையும் அடையாளங்களே.

அருகிலுள்ள மருத்துவமனையில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால், 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற பயிற்சி மருத்துவமனைகளை நாடலாம். ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் பூனை உணரும் வலியும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால்தான் காணொளி முக்கியமாகிறது. மருந்து தொடங்குவதற்கு முன் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துச் சிறுநீரகத்தின் நிலையை அறிவது கட்டாயம். முதிய பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு மிகச் சாதாரணமாக வருகிறது.

மருந்து: கொடுக்கக்கூடாததும் கொடுக்கத்தக்கதும்

மருந்துக்கடை ஒன்றில் எங்களுக்கே, "குழந்தைக்குக் கொடுக்கிற காய்ச்சல் சிரப்பைக் கொஞ்சமாக ஊற்றுங்கள்" என்று யோசனை சொன்னார்கள். ஊற்றியிருந்தால் பூனை பிழைத்திருக்காது. பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும், இரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, ஈறுகள் பழுப்பேறி, முகம் வீங்கிப் பூனை இறந்துபோகலாம். ஐபுப்ரோபென், டைக்ளோஃபினாக் போன்ற மனிதர்களுக்கான வலி மாத்திரைகளும் ஆகாதவையே. உங்கள் முழங்காலில் நீங்கள் தடவும் களிம்பும் ஆபத்துதான்: ஃப்ளர்பிப்ரோபென் கலந்த களிம்பைத் தடவிக்கொண்டவர்களின் வீட்டுப் பூனைகள் நோயுற்றும் இறந்தும் போனதை அடுத்து, 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. கற்பூரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் சேர்ந்த தைலங்களைப் பூனையின் காலில் பாசத்தோடு தேய்த்துவிடுவோர் நம் ஊரில் உண்டு. பூனை அதை நக்கித்தான் தீர்க்கும்.

மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது மெலாக்சிகம் என்ற வலிமருந்து. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாய்களுக்கான திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் மருந்தும், பூனைகளுக்கானதில் 0.5 மில்லிகிராமும் இருக்கும். புட்டியை மாற்றி வாங்கிவிட்டு அதே அளவு கொடுத்தால் மூன்று மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஐரோப்பாவில் இதைக் குறைந்த அளவில் நெடுநாள் கொடுக்க ஒப்புதல் உண்டு. அமெரிக்காவிலோ, தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்ற எச்சரிக்கையை மருந்தின் மீதே அச்சிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நடைமுறை இதுதான்: மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது, எப்போதும் உணவுக்குப் பிறகே கொடுக்க வேண்டும், பூனை சாப்பிடாத நாளிலும் வாந்தி எடுத்த நாளிலும் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும், அவர் குறித்த இடைவெளியில் இரத்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு கபாபென்டின் போன்ற மாற்று மருந்து உண்டு. அது சற்றுத் தூக்கக் கலக்கம் தரும். மூட்டுவலிக்கு மாதம் ஒருமுறை போடும் ஃப்ரூனெவெட்மேப் என்ற ஊசிக்கு 2021-இல் ஐரோப்பாவும் 2022 சனவரியில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அதைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் பொடிகளுக்குச் செலவழிக்கும் பணத்தை நான் உணவுக்கும் இரத்தச் சோதனைக்கும் ஒதுக்குவேன். அவற்றின் பலனுக்கான சான்று மெலிந்ததே.

எடையும் வீடும்

பருத்த பூனைக்கு மருந்துக்கு இணையான மருத்துவம் எடைக் குறைப்பு. ஆனால் பட்டினி போடவே கூடாது. பருத்த பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு குறைந்தால் போதும். ஐந்து கிலோ பூனைக்கு அது வெறும் 50 கிராம். நாம் ஏறி நிற்கும் எடைக் கருவியில் அது தெரியாது. தெருமுனைக் காய்கறிக் கடையின் மின்னணுத் தராசில் கூடையோடு வைத்து நிறுத்துவிட்டு வருவோம். கடைக்காரர் விலை சொல்லிக் கேலி செய்வார், எடை மட்டும் துல்லியமாகக் கிடைக்கும்.

நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரை மூட்டு தேய்ந்த பூனைக்குப் பகை. அது வழக்கமாக நடக்கும் தடத்தில் வழுக்காத மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். சன்னல் திண்டுக்குக் கீழே கோணிச்சாக்கு சுற்றிய முக்காலி ஒன்றை வைத்தால் ஒரு தாவல் இரண்டு சிறு தாவல்களாகும். மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் இருக்கும்படி அறுத்து, வெட்டிய விளிம்பில் துணி நாடா ஒட்டிவிடுங்கள். உணவுக் கிண்ணத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். வெயிலேறிய ஸ்கூட்டர் இருக்கையைப் பூனை தேடிப் போவது வெறும் சுகத்துக்காக அன்று, மூட்டுக்குச் சூடு தேவைப்படுகிறது. மார்கழிக் குளிரிலும் ஏ.சி. அறையிலும் துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் படுக்கையின் ஒரு பக்கத்தில் வையுங்கள், வேண்டாமென்றால் அது நகர்ந்துகொள்ள மறுபக்கத்தில் இடம் இருக்கட்டும். நகத்தை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நீங்களே வெட்டிவிட வேண்டும்.

இரண்டையும் பழக்கிப் பார்த்தல்

பூனைச் சண்டை என்றதும் உருண்டு புரள்வதும் அலறுவதுமே நினைவுக்கு வருகின்றன. எங்கள் வீட்டில் நடந்தது சத்தமே இல்லாத சண்டை. மணல் தட்டு இருந்த பின்கட்டுக்குப் போகும் இடைகழியில் கடுவன் குறுக்கே படுத்துக்கொள்ளும். சீறாது, நகத்தை நீட்டாது, வால்நுனியை மட்டும் அசைத்துக்கொண்டு பார்த்தபடியே கிடக்கும். கிழவி கதவருகே வந்து, நின்று, திரும்பிப் போய்க் கட்டிலடியில் சிறுநீர் கழிக்கும். அந்த முற்றுகையை விளங்கிக்கொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. அதுவரை கட்டிலடியை டெட்டாலால் துடைத்துக்கொண்டிருந்தோம், அது இன்னொரு தவறு, ஏனெனில் அந்தக் கிருமிநாசினியும் பூனைகளுக்கு நஞ்சு.

இளம் கடுவனுக்குக் கருத்தடை ஆகவில்லையென்றால் முதலில் அதைச் செய்துவிட்டுச் சில வாரம் பொறுங்கள். பல வீடுகளில் சிக்கல் அத்தோடு தணிந்துவிடும். முதிய பூனையின் வலிமருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு, இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்துப் புதிதாக அறிமுகம் செய்வதுபோல் தொடங்குங்கள். ஒன்றின் கன்னத்தைத் துடைத்த துணியை மற்றதன் உணவருகே வையுங்கள். மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு கொடுங்கள். இரண்டும் நிதானமாகச் சாப்பிடும் நிலை வந்தபின் வலைக்கதவு வழியே பார்க்கவிடுங்கள், பிறகு ஐந்து நிமிடம் ஒரே அறையில் உங்கள் கண்ணெதிரே விடுங்கள். இளையதை அதற்கு முன்பே நூல்கட்டிய பொம்மையால் ஓடவைத்துக் களைப்பாக்கிவிடுங்கள். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகவும், ஒரே மூலையில் அடுக்காமல் வெவ்வேறு இடங்களிலும் இருக்க வேண்டும்.

இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். அதன் பிறகும் முதிய பூனை மறைவிடத்தைவிட்டு வெளியே வராமல் இருந்தாலோ, எடை இழந்தாலோ, காயம் பட்டாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டு மருத்துவரிடம் ஓடும்படி ஆனாலோ, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது அதற்குச் செய்யும் தீங்கு.

எதை அனுப்புவது, எப்படி அனுப்புவது

பெரும்பாலும் அனுப்ப வேண்டியது இளையதைத்தான். அதன்மீது எந்தக் குற்றமும் இல்லை என்பதால் இது நியாயமாகத் தோன்றாது. என்றாலும் ஆரோக்கியமான இரண்டு வயதுப் பூனை புதிய வீட்டைப் பழகிக்கொள்ளும், மருந்தும் தாழ்ந்த தட்டும் வேண்டியிருக்கும் 13 வயதுப் பூனைக்கு அது எளிதன்று, அதை ஏற்க முன்வருவோரும் குறைவு. கோணிப்பையில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். வீட்டில் வளர்ந்த பூனை அங்கே மற்ற கடுவன்களிடம் கடிபட்டும் பசித்தும் கிடக்கும். பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

கருத்தடை, வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி, பூனைகளுக்கான முத்தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகிய அனைத்தையும் முடித்து அட்டையில் பதிந்த பிறகே தத்துக் கொடுங்கள். கேட்டு வருபவரிடம் பூனையின் குணத்தை மறைக்க வேண்டாம்: "முதிய பூனையோடு ஒத்துப்போகாது, சம வயதுப் பூனையோடு விளையாடும், நாளுக்கு இருமுறை ஓடவிடாவிட்டால் திரைச்சீலையில் ஏறும்" என்று நாங்கள் எழுதியே கொடுத்தோம். அதைப் படித்துவிட்டு இருவர் விலகினார்கள். மூன்றாமவர் சிரித்தார், அவருக்கே கொடுத்தோம். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளர் சம்மதித்தாரா, பால்கனிக்கும் சன்னலுக்கும் வலை அடித்திருக்கிறதா, வெளியூர் போகும்போது யார் பார்த்துக்கொள்வார் என்ற மூன்றையும் அவருடைய வீட்டுக்கே போய்ப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் வர மறுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பச் சொல்பவருக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வாரச் சோதனைக் காலம் என்று பேசி, எக்காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பூனையோடு ஒரு வாரத்துக்குப் பழைய உணவும், அது படுத்த துண்டும் போக வேண்டும். துண்டைத் துவைக்காமல் கொடுங்கள், அதிலிருக்கும் வாசனைதான் புதிய இடத்தில் அதற்குத் தெரிந்த ஒரே பொருள். முதல் வாரம் ஒரே அறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் அது வீட்டைவிட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே போனால் பழைய வீட்டைத் தேடித் தொலைந்துவிடும். பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டாலும் அந்த மாதத்தில் நீங்கள் போகாமல், படம் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கே முதியது இரண்டொரு நாள் இடைகழியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கும். எங்களுடையது மூன்றாம் வாரத்தில் மறுபடி சன்னல் திண்டில் படுக்கத் தொடங்கியது. அதைக் கண்ட மகிழ்ச்சியில் மருந்தைக் குறைத்துவிடவோ, இனி எதற்கு என்று முக்காலியை எடுத்துவிடவோ வேண்டாம். வலிதான் அடங்கியிருக்கிறது, தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கிறது.